நீந்தத் தெரியாதவர் கடலில் இறங்கலாமா?

சிந்தாதிரிப்பேட்டையில் வாழும் நாம் நீருக்கு அருகில் இருந்தும் நீருக்கு அந்நியர். கூவம் ஆறு நம்மை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அதில் கால் நனைப்பார் இல்லை. மெரினாக் கடற்கரை தொலைவில் இல்லை. அதன் அலையை அறிந்தவர் அதில் நீந்தத் துணிவதில்லை. நம் மீன் அங்காடியில் வந்து குவியும் மீன்களை நன்கறிவோம். கடலுக்குள் நீந்தும் மீனைக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே.

அதைக் காணும் ஆவலுடன் ஒரு குடும்பத் தலைவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். கிறிஸ்து பிறப்பு விழா கழிந்ததும் மனைவி மக்களுடன் அந்தமான் செல்லவிருந்தார். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, கடலின் மேற்பரப்பில் குப்புற மிதந்தவாறு பவளப் பாறைகளைக் காண்பதற்கு ‘ஸ்நார்கெலிங்’ என்று பெயர். அவருக்கோ பத்துக் கை வீசினால் மூச்சு வாங்கும். “சாமி, பிள்ளைகள் முன்னால் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருக்கிறது. ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டால் போதாதா?” என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் நானும் அவ்வாறே எண்ணி, ஒரு தீவின் அருகே வளையத்தை மட்டும் பற்றிக்கொண்டு இறங்கினேன். மூச்சுக்குழாயில் சிறிது உப்புநீர் புகுந்தது. இருமினேன். இருமிய அக்கணமே என் இரு கைகளும் முகத்தை நோக்கி எழுந்தன. வளையம் என்னை விட்டு அகன்றது. படகோட்டியின் இளைய மகன் என் தோளைப் பற்றி இழுத்திராவிடில் இக்கட்டுரையை எழுத நான் இருந்திரேன். அச்சம் வந்தபோது என் கை எனக்குக் கீழ்ப்படியவில்லை. கையால் பற்றும் மிதவை, கை தளர்ந்ததும் நம்மைக் கைவிடும். உடலோடு கட்டிய மிதவையே நம்மோடு இருக்கும்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சிற்றூர்க் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியபோது, காய்ந்த சுரைக்குடுக்கையைக் கையில் கொடுக்கவில்லை; முதுகில் கட்டிவிட்டனர். கடலோடிகளும் இதைத் துயரத்தின் வழியாகக் கற்றனர். 1861-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் புயலில் சிக்கியோரைக் காக்கச் சென்ற மீட்புப் படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் 12 பேர் மாண்டனர். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவரே புதிய தக்கைச் சட்டையை அணிந்திருந்தார். தக்கைக்குப் பின் நம் தலையணைகளில் அடைக்கும் இலவம்பஞ்சு அவ்விடத்தைப் பெற்றது; இன்று நுரைப்பொருள் பெற்றிருக்கிறது.

எனினும் மிதவைச் சட்டைகள் யாவும் ஒன்றல்ல. அவை தூக்கும் ஆற்றலை நியூட்டன் என்னும் அலகால் குறிப்பர். 50 நியூட்டன் என்பது ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும் ஆற்றல். நீரில் நம் உடலின் பெரும்பகுதியை நீரே தாங்குவதால், பெரியவர் ஒருவரின் தலையை மேலே நிறுத்த 3 முதல் 5 கிலோ வரை கூடுதல் தாங்குதல் பெரும்பாலும் போதும்.

‘லைஃப் ஜாக்கெட்’ என வழங்கும் 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ள உயிர்காப்புச் சட்டைகள், அணிந்தவரை மல்லாக்கத் திருப்பி முகத்தை வானை நோக்கி வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஸ்நார்கெலிங்கிலோ முகம் நீரை நோக்க வேண்டும். எனவே சட்டையோடு போராடியே களைத்துப்போவோர் உண்டு. 50 நியூட்டன் நுரைச் சட்டை குப்புற மிதக்க இடந்தரும். ஆனால் நினைவிழந்தவரை அது திருப்பிவிடாது. ஆகவே ஓரளவு நீந்தக்கூடியவர், அமைதியான நீரில், வழிகாட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதை அணியலாம். வாயால் ஊதி நிரப்பும் கழுத்துச் சட்டை, கைகளில் மாட்டும் காற்றுப் பைகள், நீண்ட நுரைக்குழல் ஆகியவை நீச்சலறிந்தோர் இளைப்பாறப் பயன்படுமேயன்றி, உயிர்காக்கும் கருவிகள் அல்ல. நீந்தவே அறியாதவர் உயிர்காப்புச் சட்டையை அணிந்து, வழிகாட்டி இழுத்துச் செல்லும் வளையத்தையும் பற்றி, அவ்வப்போது முகத்தைத் தாழ்த்திப் பார்ப்பதோடு நிறைவடைக. கண்ணாடி அடித்தளப் படகுகளும் அங்கு உண்டு. அதில் ஏறுவது இழிவன்று.

சட்டையைத் தெரிந்தெடுக்கும்போது, அதில் குறித்துள்ள எடை அளவு நம் எடைக்குப் பொருந்துகிறதா என்று காண்க. வார்களையெல்லாம் இறுக்கியபின் கைகளை உயர்த்தி நின்று, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குமாறு வாழ்க்கைத் துணையிடம் கூறுக. சட்டை மோவாய்க்கு மேல் ஏறினால் அது நமக்குரியதன்று. கால்களுக்கிடையே பூட்டும் வார் இருப்பின் இன்னும் நன்று. கிழிந்த தையலும் உடைந்த கொக்கியும் உடையதைத் தயங்காது திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு “வளர்ந்தால் ஆகும்” என்று பெரிய அளவில் எடுப்பது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

பின்னர் இடுப்பளவு நீரில் நின்று பழகுக. முகத்தைத் தாழ்த்தி மிதப்பது, குழாயில் புகுந்த நீரை ஊதி வெளியேற்றுவது, மல்லாக்கத் திரும்புவது ஆகிய மூன்றும் கைவந்த பின்னரே ஆழம் செல்லலாம். மூச்சுத் திணறினால் நீந்தி முடித்துவிட முயலாமல், குழாயை வாயிலிருந்து எடுத்து, மல்லாந்து, கையை உயர்த்த வேண்டும். இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளோர் முன்னரே மருத்துவரைக் கேட்பது கடமை.

எல்லாவற்றிற்கும் மேலாக, தனியே இறங்காதீர்கள். தூத்துக்குடிக் கடலில் நம் பரதவ மக்கள் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளித்த நாள்களில், படகில் ஒருவர் அவர்தம் கயிற்றைப் பற்றியவாறே இருப்பார். கடலையே தாயகமாகக் கொண்டோரும் கயிறின்றி இறங்கவில்லை. நமக்கு என்ன வெட்கம்?

அவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். என் கை நழுவிய கதையையும் மறைக்கவில்லை. திரும்பி வந்தபின் ஒரு புகைப்படம் கொண்டுவந்து காட்டினார். கணவன், மனைவி, மக்கள் நால்வரும் ஒரே நிறச் சட்டையில் கரையில் நிற்கின்றனர். “நான் முதலில் கட்டிக்கொண்டேன், சாமி. அதன்பின் பிள்ளைகள் மறுபேச்சுப் பேசவில்லை” என்றார்.