படம் ஓடுகிறது, ஒலியைக் காணோம்

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய திருமண வீடியோவோ நிக்காஹ் வைபவப் பதிவோ வீட்டுக் கணினியில் ஓடுகின்ற போதிலும், ஒலி எழாதிருப்பது பலருக்கும் நேர்கின்ற சிக்கலாகும். உடனே கணினி பழுதடைந்துவிட்டதெனக் கருதித் திருத்துநரிடம் கொண்டு செல்வோர் உளர். அங்கு வன்தட்டை ‘போர்மட்’ செய்வதே வழியெனக் கூறப்படுமாயின், இழக்கப்படுவது பணம் மாத்திரமன்று. அதில் சேமித்து வைத்த குடும்பப் படங்களுமாகும். ஒலி வரவில்லை என்பதற்காக வன்தட்டை அழிக்க வேண்டிய தேவை அநேகமாக எழுவதேயில்லை.

குறைபாடு கணினியிலா, அந்த வீடியோவிலா என்பதே முதலில் அறியப்பட வேண்டியது. வேறொரு பாடலை ஒலிக்கவிட்டால் இது தெளிவாகும். பாடலும் கேட்கவில்லையெனில், ஒலிபெருக்கியின் இணைப்பையும் திரையின் கீழ் மூலையிலுள்ள ஒலிக் குறியையும் கவனிக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. வடத்தினால் தொலைக்காட்சியுடன் இணைக்கப்பட்ட கணினி, ஒலியையும் அங்கேயே அனுப்பத் தொடங்கிவிடுவதுண்டு. ஒலி வெளியீட்டுப் பட்டியலில் ஒலிபெருக்கியை மீண்டும் தெரிவு செய்தால் போதுமானது.

பாடல் கேட்கிறது, குறித்த வீடியோ மாத்திரம் மௌனம் சாதிக்கிறது எனில் காரணம் வேறு. ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்பன வெறும் பேழைகளே. ஒரே பேழைக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி பிறிதொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்கியதை விரிக்கும் மென்பொருளே கோடெக். படத்திற்குரிய கோடெக் இருந்து, ஒலிக்குரியது இல்லாதுவிடின் ஊமைப் படமே எஞ்சும். டி.வி.டி. காலத்திலிருந்து பரவலாக வழங்கிவரும் டொல்பியின் ஏ.சி.3 கோடெக்கை, 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் நீக்கிவிட்டது. பழைய கணினியில் பேசிய படம் புதியதில் பேச மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகக் கண்ட கண்ட தளங்களில் கோடெக் தேடுவது ஆபத்தானது. 2005 இன் பிற்பகுதியில் தலைகாட்டிய ‘ஸ்லொப்’ என்னும் தீநிரல், வீடியோ கோடெக் வேடத்திலேயே கணினிகளுக்குள் புகுந்தது. 1996 இல் பாரிஸ் மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய வி.எல்.சி. பிளேயர், பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னகத்தே கொண்டது, இலவசமானது. அதனை வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே பெற வேண்டும்.

இன்னுமொரு விசித்திரமும் உண்டு. பின்னணி இசை முழங்கும், பேச்சு மட்டும் கேட்காது. 5.1 முறையில் பதிவான படங்களில் உரையாடல் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கே ஒதுக்கப்படுகிறது. வீட்டில் இருப்பவையோ இரண்டு. கணினியின் ஒலி அமைப்பை ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றினால் பேச்சு திரும்பிவிடும்.

வி.எல்.சி.யிலும் ஒலி எழாவிடின், அதன் கோடெக் விபரப் பகுதியைத் திறந்து பார்க்கலாம். அங்கு ஒலித்தடம் எதுவும் காட்டப்படாவிட்டால், அந்தக் கோப்பில் ஒலியே இல்லை. ஒலியை நீக்கி வீடியோ அனுப்பும் வசதியை வட்ஸ்அப் 2021 இல் அறிமுகப்படுத்தியது. கை தவறி அதனை அழுத்திவிடுவது எளிது. அனுப்பியவரின் தொலைபேசியில் மூலப்பதிவு ஒலியுடன் இருக்கக்கூடும். அவர் இடமில்லையென அதனை அழித்துவிடுமுன் மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொள்வதே செய்யத்தக்கது.