பாலத்தைச் சாய்த்த அடைப்பு

2022 ஜனவரி 28, விடியற்காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரின் ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து விழுந்தது. ஒரு பேருந்தும் சில கார்களும் அதில் சிக்கின. சிலர் காயமடைந்தனர், நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. சாலை, பாலங்களுக்கான நிதி பற்றிப் பேச அதிபர் ஜோ பைடன் அந்நகருக்கு வரவிருந்ததும் அதே நாளில்தான்!

ஏறத்தாழ 50 வயதான அந்தப் பாலம் ஏன் விழுந்தது?

அது சாயம் பூசாத ஒருவகை எஃகால் கட்டப்பட்டது. இந்த எஃகில் செம்பு, குரோமியம் போன்ற உலோகங்கள் சிறிதளவு கலந்திருக்கும். மழையில் நனைந்து, வெயிலில் காயும்போது இதன் மேல் மெல்லிய துருப்படலம் உருவாகும். சாதாரணத் துரு இரும்பை அரிக்கும். இதுவோ கவசம்போல் காக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எஃகு நன்கு காய வேண்டும்.

இங்கே அது காயவில்லை. பாலத்தின் வடிகால்கள் குப்பையால் அடைபட்டதால், தண்ணீர் தூண்களை நோக்கி வழிந்தது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதில் கலந்தது. ஈரமும் குப்பையும் தங்கிய இடத்தில் கவசம் உருவாகவில்லை. எஃகு அரித்து மெலிந்தது. இறுதியில் ஒரு தூணின் இணைப்புத் தகடு முறிந்தது.

யாருக்கும் தெரியாதா? தெரியும்! அமெரிக்காவில் பாலங்களைச் சோதித்து 0 முதல் 9 வரை புள்ளி தருவார்கள். 4 அல்லது அதற்குக் குறைந்தால் 'மோசம்'. இப்பாலம் 2011 முதலே அந்த நிலையில்தான் இருந்தது. சுத்தம் செய்து பழுதுபார்க்கும்படி ஆய்வாளர்கள் பலமுறை எழுதியும் வேலை நடக்கவில்லை.

பணமும் ஒரு சிக்கல்தான். அமெரிக்கச் சாலைகளுக்கான நிதியில் ஒரு பங்கு எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. கேலன் பெட்ரோலுக்கு 18.4 காசு என்ற மத்திய அரசின் வரி 1993 முதல் உயரவே இல்லை. கட்டுமானச் செலவோ உயர்ந்துகொண்டே போகிறது. 2021-இல் வந்த புதிய சட்டம், பாலங்களுக்காகப் பென்சில்வேனியாவுக்கு 5 ஆண்டுகளில் சுமார் 1.6 பில்லியன் டாலர் ஒதுக்கியது.

புதிய பாலம் சுமார் 25 மில்லியன் டாலர் செலவில் ஓராண்டுக்குள் எழுந்தது. வடிகாலைச் சுத்தம் செய்ய அதில் எத்தனை சிறு பங்கு போதும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், மாணவர்களே! அடுத்த மழையின்போது உங்கள் வட்டாரப் பாலத்தில் தண்ணீர் எங்கே வழிகிறது என்றும் கவனியுங்கள்.