பலபடிகளின் அகச்சிவப்பு, இராமன் நிறமாலையியல்

அகச்சிவப்பு நிறமாலையியல், இராமன் நிறமாலையியல் ஆகியவை நெகிழி, இரப்பர், செயற்கை இழை முதலிய பலபடிகளின் அமைப்பை வேதிப்பிணைப்புகளின் அதிர்வுகளைக் கொண்டு அறியும் இரு முறைகளாகும். ஒரு பொருள் எந்தப் பலபடியால் ஆனது என்பதை அதைக் கரைக்காமலும் எரிக்காமலும் இவற்றால் சில நிமிடங்களில் அறியலாம்.

தத்துவம்

மூலக்கூறில் உள்ள பிணைப்புகள் சுருள்வில்களைப் போல அதிர்கின்றன. அகச்சிவப்பு முறையில், பொருளின் மீது 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரையிலான அலையெண் கொண்ட கதிர்கள் செலுத்தப்படுகின்றன. அதிர்வின்போது இருமுனைத் திருப்புத்திறன் மாறினால் மட்டுமே கதிர் உறிஞ்சப்படும். எனவே கார்பனைல், ஐதராக்சில் போன்ற தொகுதிகள் இதில் தெளிவாகத் தெரியும்.

இராமன் முறையில் ஒற்றைநிற லேசர் ஒளி செலுத்தப்படுகிறது. சிதறும் ஒளியில் மிகச் சிறிய பகுதி மட்டும் அலைநீளம் மாறி வெளிவரும். இதற்கு, அதிர்வின்போது மூலக்கூறின் எலக்ட்ரான் முகில் உருத்திரியும் தன்மை மாற வேண்டும். கார்பன் சங்கிலியும் பென்சீன் வளையமும் இதில் வலுவாகத் தெரியும். ஆகவே ஒன்றில் மங்கித் தெரிவது மற்றதில் துலங்குகிறது.

இவ்விளைவைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன் 1928 பெப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் கண்டறிந்தார். இதற்காக அவர் 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

பலபடிகளை இனங்காணல்

ஒவ்வொரு பலபடிக்கும் அதற்கே உரிய பட்டைகள் உண்டு (அலையெண்கள் ஏறத்தாழ, செ.மீ⁻¹ அலகில்):

- பாலித்தீன்: அகச்சிவப்பில் 2915, 2848, 1465, 720
- நைலான்: அகச்சிவப்பில் 3300, 1640, 1540
- குடிநீர்ப் புட்டிகளின் பெட்: அகச்சிவப்பில் 1715
- தெர்மாகோல் எனப்படும் பாலிஸ்டைரீன்: இராமனில் 1001

மக்கும் பை என்று விற்கப்படும் பை உண்மையில் பாலித்தீனா என்பதையும் இவ்வாறு சோதிக்கலாம். மக்கும் பாலிலாக்டிக் அமிலம் 1750 அருகே வலுவான கார்பனைல் பட்டை தரும். புதிய பாலித்தீனில் அது இராது. ஆனால் வெயிலில் கிடந்து ஆக்சிசனேற்றமடைந்த பாலித்தீனிலும் 1715 அருகே சிறு பட்டை தோன்றும். எனவே ஒரு பட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் முழு நிறமாலையையும் ஒப்பிட வேண்டும்.

வரம்புகள்

நீர் அகச்சிவப்பை வலுவாக உறிஞ்சுவதால் ஈரமான மாதிரிகளுக்கு இராமன் முறை ஏற்றது. சாயம் கலந்த நெகிழிகளிலோ உடனொளிர்வு இராமன் சைகையை மறைத்துவிடும். அங்கு அகச்சிவப்பு உதவும். கார்பன் கரி கலந்த கறுப்பு நெகிழி இரண்டு முறைகளுக்குமே கடினமானது.

நுண்நெகிழி ஆய்வு

5 மி.மீ.-க்கும் குறைவான நெகிழித் துகள்கள் நுண்நெகிழிகள் எனப்படும். தமிழகக் கடற்கரை மணலிலும் மீன்களிலும் கிடைத்த இத்தகைய துகள்களின் வகையை ஆய்வாளர்கள் அகச்சிவப்பு நிறமாலையால் உறுதிசெய்துள்ளனர். வெறும் நுண்ணோக்கியில் பருத்தி இழையும் செயற்கை இழையும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதால் இச்சோதனை இன்றியமையாதது. அகச்சிவப்பு நுண்ணோக்கி ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களையும், இராமன் நுண்ணோக்கி 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களையும் இனங்காணும்.