அப்பாவின் டீசல் வண்டியும் நான் படித்த பாடமும்

குளுவாங்கில் எங்கள் வீட்டு வாசலில் 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று நிற்கிறது. அப்பா அதில்தான் விடியற்காலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் நான் படித்ததும் அந்த வண்டியால்தான்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. அப்பாவுக்கு மாதம் 200 லிட்டர் தேவை. 430 வெள்ளியாக இருந்த செலவு 670 வெள்ளியானது. அரசாங்கத்தின் பூடி மடானி உதவித்தொகை 200 வெள்ளி கிடைத்தும் 40 வெள்ளி பற்றாக்குறை. "கறுப்புப் புகை வேற கக்குது. இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் அப்பா.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருந்த நேரம் அது. "ஆறு மாசம் குடுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்றேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பொமன் ஒருவர் இருந்தார். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்தான் என் வாத்தியார்.

புகை சொல்லும் சேதி

"ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி வண்டி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க தம்பி" என்றார் மாமா. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி பிளக் கிடையாது. எங்கள் வண்டியில் இருப்பது 2,446 சிசி 'டூ-எல்' இயந்திரம். அது காற்றை 20 மடங்குக்கு மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அதில் டீசலைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். படிவம் நான்கில் இயற்பியல் பாடத்தில் படித்த வாயு விதிகள் எங்கள் வீட்டு வாசலிலேயே வேலை செய்துகொண்டிருந்தன.

அது ஒழுங்காக ஓடச் சுத்தமான காற்று, சுத்தமான டீசல், போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். எது குறைகிறது என்பதைப் புகையே காட்டிக்கொடுக்கும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலப் புகை என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. இயந்திரம் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. எங்கள் வண்டியின் காற்று வடிகட்டியைக் கழற்றினேன். செம்மண் தூசியில் அது செங்கல் மாதிரி இருந்தது. புதியதைப் போட்டதும் பாதிப் புகை நின்றது.

ஒரு நாள் வியாபாரம்

அடுத்தது டீசல் வடிகட்டி. இந்நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் உயிரி டீசலும் கலந்திருக்கிறது. 2019இல் போக்குவரத்துத் துறைக்கு அந்தக் கலப்பு 10 விழுக்காடானது. உயிரி டீசல் பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைக்கும். தண்ணீரையும் எளிதில் ஈர்க்கும். அதனால் பழைய வண்டிக்காரர்கள் வடிகட்டியை அடிக்கடி கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் மாலை நான் தனியாகவே வடிகட்டியை மாற்றினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓட்டிப் பார்க்காமலேயே கையைக் கழுவிவிட்டேன்.

விடியற்காலை 4 மணிக்குப் பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. நான் வடிகட்டியைச் சரியாக இறுக்கவில்லை. அந்த இடைவெளியில் காற்று புகுந்து, பம்புக்கு டீசல் போகவில்லை. மாமாவும் நானும் மோட்டார் சைக்கிளில் போய் வடிகட்டியை இறுக்கி, அதன் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினோம். பத்தே நிமிட வேலை. ஆனால் அப்பா சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். கீரை முழுவதும் வாடிப் போயிருந்தது.

அப்பா திட்டவில்லை. "அடுத்த தடவ வேலை முடிஞ்சதும் நீயே 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து சாவியைக் குடு" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், செலவு, ஓட்டிப் பார்த்த முடிவு எல்லாவற்றையும் அதில் எழுதுகிறேன்.

எது முதலில்?

பழைய வண்டியைச் சீர்ப்படுத்த ஆசைப்படும் நண்பர்கள் விளக்கு, ஸ்பீக்கர் என்று தொடங்குவார்கள். மாமாவின் வரிசை வேறு. முதலில் பிரேக்கும் டயரும். அடுத்து எண்ணெய், தண்ணீர்க் கசிவுகள். பிறகு வடிகட்டிகள், ரப்பர்க் குழாய்கள். அழகு கடைசியில்தான்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யவும் கூடாது. 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டைப் பட்டறையில்தான் கொடுத்தோம். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து இயந்திரமே போய்விடும். ஜேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது, ஜேக் ஸ்டாண்ட் கட்டாயம். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அது சட்டப்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. நாங்கள் அதைக் கலனில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைக்கிறோம். இயந்திரத்தையே மாற்றுவதானால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும்.

ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பி அளப்பதுதான் முறை. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடிய வண்டி 10 ஓடியது. அதாவது, மாதம் 1,800 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் மிச்சம். 3 வெள்ளி 35 காசு விலையில் 67 வெள்ளி. விழுந்த 40 வெள்ளிப் பள்ளம் நிரம்பிவிட்டது.

கையால் செய்யும் வேலை படிப்பு வராதவர்களுக்கு என்று நம்மில் சிலர் இன்னும் நினைக்கிறோம். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளாக இருக்கிறது. அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை ஏறலாம். நான் வாகனத் தொழில்நுட்பத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். கீரை வாடிய நாளின் பக்கத்தையும் கிழிக்காமல்தான் கொண்டுபோனேன்.

இடம் கிடைத்தது. இரும்புக் கடைப் பேச்சை அப்பா இப்போது எடுப்பதில்லை.