வி.பி.என். இருந்தும் ஆபீஸ் சர்வர் வரவில்லையா?

சென்ற மாதம் கட்டுமாவடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். காலையில் லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வந்தான்.

"மாமா, நெட் நல்லாத்தான் இருக்கு. வி.பி.என்.னும் கனெக்ட் ஆயிருச்சு. அட்டெண்டன்ஸ் பக்கம் மட்டும் வரமாட்டேங்குது. பத்து மணிக்குள்ள போடலேன்னா அரைநாள் லீவு."

மணி ஒன்பதரை. வேறு எந்தத் தளத்தைக் கேட்டாலும் உடனே வந்தது. ஆபீஸ் சர்வரின் பெயரைக் கொடுத்தால் மட்டும், ஐ.பி. முகவரி கிடைக்கவில்லை என்று பிரவுசர் கைவிரித்தது.

கம்ப்யூட்டருக்குப் பெயர் புரியாது. எண்தான் புரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நாம் டைப் செய்யும் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு. 1983இல் பால் மொகபெட்ரிஸ் இதை வடிவமைத்தார். அதற்கு முன் எல்லாப் பெயர்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஃபைலில் இருந்தன. மற்றவர்கள் அதைக் காப்பி எடுத்து வைத்துக் கொள்வார்கள்.

ஆனால் எல்லாப் பெயரும் ஊரறிந்த பெயர் அல்ல. கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கேட்டால் கைகாட்டுவார்கள். அதே பெயரை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கேட்டால் யாருக்குத் தெரியும்? கம்பெனிகளும் இப்படி உள்பெயர்கள் வைத்திருக்கின்றன. அவற்றின் எண்கள் பெரும்பாலும் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும். ஆபீஸில் உள்ள டி.என்.எஸ். சர்வருக்கு மட்டுமே அந்தப் பெயர்கள் தெரியும்.

இவன் கம்பெனியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டெண்டன்ஸ் சர்வரை ஆபீஸ் அறையிலிருந்து க்ளவுடுக்கு, அதாவது மைக்ரோசாஃப்டின் அஸ்யூர் டேட்டா சென்டருக்கு, மாற்றிவிட்டார்கள். (சென்னையிலேயே 2015 முதல் அஸ்யூருக்கு டேட்டா சென்டர் உண்டு.) மாற்றிய முதல் நாள் ஆபீஸில் இருந்தவர்களுக்கே பக்கம் வரவில்லையாம். வந்திருந்தால்தான் ஆச்சரியம்! சர்வர் இடம் மாறியதும் அதன் உள்பெயர் க்ளவுட் நெட்வொர்க்கின் தனிப் பட்டியலுக்குப் போய்விட்டது. அந்தப் பட்டியல் 168.63.129.16 என்ற முகவரியில் பதில் சொல்லும். ஆனால் கேட்பவர் அந்த க்ளவுட் நெட்வொர்க்குக்குள் இருக்க வேண்டும். ஆபீஸிலிருந்து கேட்டால் பதிலே வராது.

அதனால் நடுவில் ஓர் ஆள் தேவை. க்ளவுட் நெட்வொர்க்குக்குள் ஒரு டி.என்.எஸ். சர்வரை வைத்து, "இந்த முடிவு கொண்ட பெயர்களை அவரிடம் கேள்" என்று ஆபீஸ் டி.என்.எஸ்.ஸுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இதற்கு கண்டிஷனல் ஃபார்வர்டர் என்று பெயர். க்ளவுடில் உள்ள சர்வருக்கு ஆபீஸ் பெயர் தேவைப்பட்டால், எதிர்த்திசையிலும் இதே ஏற்பாடு வேண்டும். முன்பெல்லாம் இதற்கென்றே க்ளவுடில் தனியாக ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். அமேசான் 2018இலும், மைக்ரோசாஃப்ட் 2022இலும் இதைச் சேவையாகவே தரத் தொடங்கின. அவசரத்தில் சிலர் எல்லாப் பெயரையும் இருபுறமும் ஒன்றையொன்று கேட்கும்படி வைத்துவிடுவார்கள். அப்புறம் கேள்வி இங்கும் அங்கும் சுற்றிக் கொண்டே இருக்கும்.

இவன் ஆபீஸில் அதையெல்லாம் சரி செய்தாயிற்று. மற்றவர்களுக்கு வீட்டிலிருந்தும் வருகிறது. இவனுக்கு மட்டும்தான் இல்லை. எனவே கோளாறு இவன் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி.எம்.டி. என டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் கறுப்பு விண்டோவில் பிங் என்ற கட்டளையை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சர்வர் பெயரைக் கொடுக்கவும். பெயருக்குப் பக்கத்தில் எண் வந்தால் டி.என்.எஸ். வேலை செய்கிறது என்று பொருள். பிறகு "டைம்டு அவுட்" என்று வந்தாலும் பரவாயில்லை. பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. எண்ணே வராவிட்டால்தான் பெயர் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

எங்களுக்கு 10 என்று தொடங்கும் எண் வந்தது. அப்படியானால் விண்டோஸுக்குப் பெயர் தெரிகிறது, பிரவுசருக்குத் தெரியவில்லை!

"க்ரோமில் எதையாவது மாத்தினியா மாப்ளே?"

நெட் வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 'செக்யூர் டி.என்.எஸ்.' என்ற இடத்தில் ஒரு வெளி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பிரவுசர் அதன் பிறகு ஆபீஸை விட்டுவிட்டு, எல்லாப் பெயரையும் நேராக அந்த நிறுவனத்திடமே கேட்டிருக்கிறது. அவர்களுக்கு எப்படித் தெரியும் உள்பெயர்? க்ரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, செக்யூரிட்டி என்று போனால் இது இருக்கும். வசதி கெட்டதல்ல, வெளித் தளங்களுக்கு நல்லதே. ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் மட்டும் கம்பெனி சொன்னபடி விட்டுவிடுங்கள்.

இதற்குப் பிறகும் பழைய 'இல்லை' என்ற பதிலே வரலாம். கம்ப்யூட்டர் 'இல்லை' என்பதையும் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். கறுப்பு விண்டோவில் ஐ.பி.கான்ஃபிக், இடைவெளி, சாய்வுக்கோடு, ஃப்ளஷ்டி.என்.எஸ். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் அது அழிந்துவிடும். பிரவுசரை மூடித் திறக்கவும்.

இதில் தடுமாறியவர்கள் நாம் மட்டுமல்ல. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் டி.என்.எஸ். சர்வர்கள் இன்டர்நெட்டிலிருந்து காணாமல் போயின. சுமார் ஆறு மணி நேரம் வாட்ஸ்அப்பும் இல்லை. கோளாறைப் பார்க்க வேண்டிய உள்கருவிகள் பலவும் அதே டி.என்.எஸ்.ஸை நம்பி இருந்ததால், இன்ஜினீயர்கள் டேட்டா சென்டருக்கு நேரிலேயே போக வேண்டியதாயிற்று.

அக்கா மகன் 9.52க்கு அட்டெண்டன்ஸ் போட்டான். நான் பையை எடுத்துக் கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.