வலியில்லை என்பது நோயில்லை என்பதன்று

சாமராஜநகர் வட்டாரத்து வீடுகளில் வெற்றிலைப் பெட்டியில் புகையிலைக்கும் இடமுண்டு. "வலியொன்றுமில்லையே, சோதனை எதற்கு?" என்பர் நம் பெரியோர். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே அதன் சூது. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றைப் பழகிய கண் விளக்கொளியிலேயே கண்டுகொள்ளும்.

அபாயம் எல்லோர்க்கும் ஒருபடித்தன்று. புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் அது பன்மடங்காகும். தாய்க்கோ தமக்கைக்கோ மார்பகப் புற்று வந்திருந்தால், அப்பெண் வயது வரட்டுமென்று காத்திராமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஏனையோர்க்கு, 2016-இல் மத்திய அரசு வகுத்த நெறிப்படி, 30 வயது முதல் 5 ஆண்டுக்கொருமுறை சோதனை உண்டு: ஆடவர்க்கு வாய், பெண்டிர்க்கு வாயுடன் மார்பகம், கருப்பைவாய்.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் சென்றதும் அன்னையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திட்டுக் கண்ட அன்றே புகையிலையை விட்டாலும், அது புற்றாகும் வாய்ப்புக் குறையும்.