பந்தயக் காரின் பளிங்குத் திரை

பந்தயக் கார் என்றதும் நமக்கு முதலில் எஞ்சினின் முழக்கம் நினைவுக்கு வரும். அடுத்து, தரையோடு தரையாகப் பாய்ந்து செல்லும் அதன் மெலிந்த உடல் நினைவுக்கு வரும். ஓட்டுநரின் முகத்துக்கு முன்னே வளைந்து நிற்கும் ஒளிபுகும் தகட்டை எவரும் நினைப்பதில்லை. கண்ணுக்குத் தென்படாமல் இருப்பதே அத்தகட்டின் கடமையாதலால் இதில் வியப்பும் இல்லை. ஆயினும், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் ஒருவரின் கண்களுக்கும், எதிரே பாய்ந்துவரும் காற்றுக்கும் கல்லுக்கும் பூச்சிக்கும் இடையே நிற்பது அது ஒன்றுதான். அத்தகைய தகட்டுக்குக் கைவினைஞர் எவ்வாறு உருவங் கொடுக்கின்றனர் என்பதை இங்குச் சிறிது காண்போம்.

இது கண்ணாடியன்று, ஒருவகைப் பிளாஸ்டிக். விமானத்திலிருந்து காருக்கு வந்து சேர்ந்தது. 1930களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனத்தாரும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்து வேதியியலாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இப்பொருளைத் தகடாக வார்க்கும் முறையைக் கண்டனர். பாலிமெத்தில் மெதாக்ரிலேட் என்பது இதன் வேதியியற் பெயர். ஜெர்மானியர் பிளெக்சிகிளாஸ் என்றும், ஆங்கிலேயர் பெர்ஸ்பெக்ஸ் என்றும் வாணிகப் பெயர் இட்டனர். நாம் சுருக்கமாக அக்ரிலிக் என்று சொல்வோம். தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 92 பங்கை இது உள்ளே விடுகிறது. எடையோ, அதே அளவுள்ள கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களில், விமானியின் தலைக்கு மேல் குமிழிபோல் கவிந்திருந்த மூடி இந்த அக்ரிலிக்கால் ஆனதே.

போர் முடிந்தபின், விமானத் தொழிலில் பயின்றவர் சிலர் கார்களின் பக்கம் திரும்பினர். அவருள் ஒருவர் மால்கம் சேயர். பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியாற்றிய அவர், பின்னர் ஜாகுவார் நிறுவனத்துக்காக டி-டைப் என்னும் பந்தயக் காரின் உருவத்தை வகுத்தார். 1954இல் ஓடத் தொடங்கிய அக்கார், பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நிகழும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வெற்றி பெற்றது. அதன் ஓட்டுநரைச் சுற்றி வளைந்து நின்ற திரை அக்ரிலிக் தகடே. இத்தாலியில் 1962 முதல் 1964 வரை 36 கார்களே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் வகையிலும், முகப்பு விளக்குகளின் மூடிகளுக்கும் பின்புறச் சாளரத்துக்கும் இப்பொருளே பயன்பட்டது.

இங்கு ஒரு கேள்வி எழலாம். கண்ணாடியை வளைக்க இயலாதா? இயலும். ஆனால் அதற்கு 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும், அதைத் தாங்கும் விலையுயர்ந்த அச்சுகளும் வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்வோருக்கு அது கட்டும். பத்தோ இருபதோ செய்வோருக்குக் கட்டாது. மேலும், இவ்வகைக் கார்களின் உடல், அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உருவாக்கப்பட்டது. இடப்பக்கத்து விளக்குக் குழியும் வலப்பக்கத்து விளக்குக் குழியும் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடுவது உண்டு. ஒரு காருக்குச் செய்த மூடி மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல இயலாது. ஆகவே ஒவ்வொரு காருக்கும் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல, அந்தந்தக் காரின் மேலேயே அளவெடுத்து இத்தகடுகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. பழைய கார்களைப் புதுப்பிப்போரும், அவற்றின் மாதிரியில் புதிதாகக் கையால் கட்டுவோரும் இன்றும் இவ்வாறே செய்கின்றனர்.

செய்முறைக்குச் செல்லுமுன் பொருளின் இயல்பை அறிந்துகொள்வது நன்று. களிமண்ணைச் சுட்டுச் செங்கல் ஆக்கினால், மீண்டும் எவ்வளவு சூடேற்றினும் அது குழையாது. அரக்கு அத்தகையதன்று. சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடியும் சூடேற்றினால் மறுபடியும் இளகும். பிளாஸ்டிக்குகளிலும் இவ்விரு வகையும் உண்டு. அக்ரிலிக் அரக்கின் இனத்தைச் சேர்ந்தது.

நூற்கண்டு சிக்கிக்கொண்டாற்போல, மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே அக்ரிலிக். சாதாரண வெப்பநிலையில் அச்சங்கிலிகள் அசைவதில்லை; தகடு விறைத்து நிற்கிறது. ஏறத்தாழ 105 டிகிரியைத் தாண்டினால்தான் அவை நெகிழத் தொடங்குகின்றன. கொதிக்கும் நீரில் இட்டும் இத்தகட்டை நம் விருப்பம்போல் வளைக்க இயலாததற்குக் காரணம் இதுவே. 160 டிகிரி அளவில் தகடு முழுவதும் ரப்பரைப்போல் ஆகிவிடும். அந்நிலையில் அதை இழுத்தால் சங்கிலிகள் நீள்கின்றன. ஆனால் தம் பழைய நிலைக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கின்றன. அவ்வாறு இழுத்துப் பிடித்தபடியே ஆறவைத்தால், நீண்ட நிலையிலேயே அவை உறைந்துவிடும். நாம் காணும் வளைவு இதுதான். பின்னொரு நாள் அதே தகட்டை மீண்டும் 160 டிகிரிக்குச் சூடேற்றினால், வளைவு நீங்கித் தகடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும்! தன் முதல் உருவத்தை அது மறப்பதில்லை. இதைத் தொழிலாளர் பிளாஸ்டிக்கின் நினைவு என்பர். இனி நாம் காணப்போகும் முறைகள் யாவும் இந்த நினைவைக் கட்டியாள்வதற்கே ஏற்பட்டவை.

விளக்கு மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் காரின் முகப்பில், விளக்குக் குழி இருக்கும் இடத்தில், வளைவு தடைப்படாமல் செல்லுமாறு களிமண்ணால் நிரப்பி வழவழப்பாக்குவர். பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கொண்டு அதன் பதிவை எடுத்து, அப்பதிவிலிருந்து அச்சைச் செய்வர். அச்சு மூடியின் அளவோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு புறமும் சில சென்டிமீட்டர் கூடுதலாக நீள வேண்டும். பிடித்து இழுக்கும் விளிம்பில்தான் சுருக்கமும் தழும்பும் விழும். அந்தப் பகுதியைப் பின்னர் வெட்டி எறிந்துவிடலாம்.

அச்சின் மேற்பரப்பைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. நல்ல அக்ரிலிக் தகடு, இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே திரவத்தை வார்த்து இறுகச் செய்யப்படுவது. அதன் பளபளப்பு கண்ணாடியிடம் கடன் வாங்கிய பளபளப்பு எனலாம். இளகிய நிலையில் அது எதைத் தொட்டாலும் அதன் தழும்பை ஏற்றுக்கொள்ளும். மணல் துகள் ஒன்று இருந்தாலும் அதன் வடு நிலைத்துவிடும். ஆகையால், அச்சின்மேல் மெல்லிய ஃபிளானல் துணியை மடிப்பில்லாமல் இழுத்துப் பொருத்துகின்றனர். குமிழி போன்ற உருவங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. தகட்டின் விளிம்பை மட்டும் இறுகப் பிடித்து, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால், தகடு எந்த அச்சையும் தொடாமலே உப்பி எழும். எதையும் தொடாததால் அதன் தெளிவு சிறிதும் கெடுவதில்லை. விமான மூடிகள் பல இவ்வாறு ஊதப்பட்டவையே.

அடுத்தது சூடேற்றல். முதன்முறை சூடேறும்போது வார்ப்புத் தகடு நீளத்திலும் அகலத்திலும் 100க்கு ஏறத்தாழ 2 பங்கு சுருங்கும். எனவே முதலிலேயே பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெப்பக் காற்றுச் சுழலும் அடுப்பில், தகடு முழுவதும் ஒரே சீராக 160 முதல் 170 டிகிரி வரையில் சூடேற வேண்டும். வெப்பம் போதாவிட்டால் சங்கிலிகள் வேண்டா வெறுப்பாக வளைந்து, உள்ளே இறுக்கம் தங்கிவிடும். வெப்பம் மிகுந்துவிட்டால் தகட்டினுள்ளே சிறு குமிழிகள் தோன்றும். அவற்றை நீக்க வழியே இல்லை. பக்குவம் வந்ததும், விறைத்திருந்த தகடு நனைந்த துணியைப்போல் துவண்டு தொங்கும். பருத்திக் கையுறை அணிந்த இருவர் அதை எடுத்து, அச்சின்மேல் போர்த்தி, விளிம்புகளைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். இதற்குக் கிடைக்கும் நேரம் சில விநாடிகளே. அதற்குள் தகடு ஆறத் தொடங்கிவிடும்.

இதுவரை விரைவு, இனிப் பொறுமை. விளிம்புகளைப் பிடித்தபடியே, மேலே கம்பளி போர்த்தி, தகட்டை மெல்ல ஆறவிட வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அதைத் தொடலாகாது. பொறுமையிழந்து முன்னதாக எடுத்தால், வளைவு சற்றே விரிந்துவிடும். விசிறி வைத்து விரைவில் ஆற்றினாலோ, மேற்புறம் முன்னே இறுகி, உட்புறம் பின்னே சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத இறுக்கம் தகட்டினுள் நிலைத்துவிடும். வேலை தவறிவிட்டால் தகட்டை மீண்டும் சூடேற்றித் தட்டையாக்கி மறுபடியும் முயலலாம். பிளாஸ்டிக்கின் நினைவு தொழிலாளிக்குச் செய்யும் உதவி இது.

ஆறிய தகட்டை அப்படியே காரில் பொருத்திவிடுவதில்லை. கட்டங்கட்டமாகக் கோடு வரைந்த பலகையை எதிரே வைத்து, ஓட்டுநர் பார்க்கும் சாய்விலேயே தகட்டின் வழியாகப் பார்ப்பர். கோடுகள் நெளிந்தால், அவ்விடத்தில் தகட்டின் கனம் சீராக இல்லை என்று பொருள். நேராகப் பார்க்கையில் தெரியாத நெளிவு, சாய்த்துப் பார்க்கையில் பெரிதாகத் தெரியும். விளக்கு மூடியில் இது சிறு குறை. ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே உள்ள திரையிலோ பெருங்குற்றம். அவர் பார்க்கும் வளைவு ஓரிடத்திலும், உண்மையான வளைவு மற்றோரிடத்திலும் இருக்குமாயின் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பின்னர் ஓரத்தை வெட்டி, அரத்தால் தேய்த்து, வர வர மெல்லிய உப்புத்தாளால் நீர் விட்டு வழவழப்பாக்குவர். ஓரத்தில் விடப்பட்ட சிறு கீறலும் நாளடைவில் விரிசலுக்கு வித்தாகும். துளையிடுவதில் இன்னும் கவனம் தேவை. உலோகத்துக்கான டிரில் அலகின் கூர்முனை அக்ரிலிக்கைக் கவ்விப் பிளந்துவிடும். ஆகவே அம்முனையின் கூர்மையைச் சிறிது மழுக்கி, மெதுவாகச் சுரண்டி எடுப்பதுபோல் துளைப்பர்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையின் நீளம் ஒரு மீட்டர் என்க. பனிக்கால விடியலுக்கும் கோடை நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு எனக் கொண்டால், அக்ரிலிக் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் அலுமினிய உடலோ 0.9 மில்லிமீட்டரே நீளும். எஞ்சிய 2 மில்லிமீட்டர் எங்கே போகும்? துளையைத் திருகாணியின் பருமனுக்கே இட்டிருந்தால், அது போக வழியின்றித் துளையைச் சுற்றி விரிசலாகத் தோன்றும். அதனால் துளைகளைத் திருகாணியைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இட்டு, ரப்பர் வாஷர் வைத்து, இறுக்காமல் அளவோடு முடுக்குகின்றனர்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பகை காத்திருக்கிறது. உள்ளே இறுக்கம் தங்கிய அக்ரிலிக்கின்மேல் பெட்ரோலோ சாராயமோ பட்டால், நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் பரவித் தகடு மங்கிவிடும். அவசரமாக ஆற்றப்பட்ட தகடு தன் குறையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அப்போதுதான். இதைத் தவிர்க்கவே, வெட்டித் துளையிட்ட தகட்டை மீண்டும் ஏறத்தாழ 80 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, மெல்ல ஆற்றி, இறுக்கத்தைத் தணிக்கின்றனர். கழுவுவதற்கும் மென்மையான சோப்பு நீரையே பயன்படுத்த வேண்டும்.

மறைந்திருக்கும் இந்த இறுக்கத்தை மாணவர்கள் தம் வீட்டிலேயே கண்ணால் காணலாம். கணினித் திரைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை வெளியிடுகின்றன. வெண்மையான திரைக்கு முன்னே ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைப் பிடித்து, போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி அணிந்து பாருங்கள். நிறமற்ற அளவுகோலில் வானவில் வண்ணங்கள் தோன்றும். வண்ணக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடங்களில் இறுக்கம் விரைந்து மாறுகிறது என்று அறியலாம். அக்ரிலிக்கில் இவ்வண்ணங்கள் மங்கலாகவும், வேறு சில பிளாஸ்டிக்குகளில் பளிச்சென்றும் தெரியும்.

அக்ரிலிக்குக்கும் குறைகள் உண்டு. அதன்மேல் எளிதில் கீறல் விழும். மழைத்துடைப்பானின் உராய்வையும் அது நெடுநாள் தாங்காது. அதனால் பொதுச் சாலையில் ஓடும் கார்களின் முன்புறத்துக்கு, இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியே வழங்குகிறது. 1953இல் கண்டறியப்பட்ட பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக், அடியைத் தாங்குவதில் அக்ரிலிக்கை வென்றுவிட்டது. இன்றைய கார்களின் முகப்பு விளக்கு மூடிகள் பெரும்பாலும் அதனால் ஆனவையே. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், முதலில் நன்றாக உலர்த்தாமல் சூடேற்றினால் குமிழி விடும். பொருள் மாறினாலும் பொறுமைக்கு விடுதலை இல்லை.

2018இல் ஜாகுவார் நிறுவனம் டி-டைப் கார்களில் 25ஐ மீண்டும் கையால் கட்டப்போவதாக அறிவித்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வுருவத்தை விரும்புவோர் இருக்கின்றனர். அத்தகைய கார் ஒன்றைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால், எஞ்சினைப் பார்த்தபின் திரையையும் ஒரு முறை பாருங்கள். அதில் நீங்கள் எதையும் காணாவிட்டால், கம்பளி போர்த்திய அச்சுக்கு அருகே எவரோ ஒருவர் அவசரப்படாமல் காத்திருந்தார் என்று அறிந்துகொள்ளலாம்.